இருட்டு என்று எழுதினால் இருட்டாகுமா?

நமது பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் மலர் ஒன்று வெளியிடுவது வழக்கம். அதற்காகச் சிறுகதைப் போட்டி வைப்பதும், வந்து குவியும் கதைகளையெல்லாம் படித்துத் தரம் பிரிக்கும் பொறுப்பைத் தமிழ் உபாத்தியாயராகிய நமது தலையில் கட்டிவிடுவதும் அதனினும் பழைய வழக்கம். இவ்வாண்டும் அவ்வாறே ஒரு கட்டுக் காகிதம் பாகாயத்திலுள்ள நம் வீட்டு மேஜைமீது வந்து உட்கார்ந்தது. பாதிக்குமேற்பட்ட கதைகள் நள்ளிரவில் ஆரம்பமாயின. காரிருள் எங்கும் சூழ்ந்திருந்தது. ஆந்தை அலறிற்று. நரி ஊளையிட்டது. இடி இடித்தது; மின்னல் வெட்டிற்று; மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வேலூர்ப் பக்கத்தில் மழை பெய்தால் அது செய்தியே ஒழிய வர்ணனை அன்று என்பதை இந்தப் பிள்ளைகள் எப்படி மறந்தார்களோ, தெரியவில்லை. நரியோ, தொரப்பாடி பஸ் நிறுத்தத்திலிருந்து ஓட்டேரி வரை விளக்குப் போட்டுக்கொண்டு தேடினாலும் அகப்படாது.

இத்தனை இருட்டையும் படித்து முடித்த பிறகு, நமக்கு எள்ளளவும் பயம் உண்டாகவில்லை. ஒரு கதையில் கூட அடுத்த பக்கத்தைப் புரட்டவேண்டும் என்ற பதைப்பு எழவில்லை. நமது இல்லாள் அப்பக்கமாக வந்து, "கதைகள் எப்படி?" என்று கேட்டாள். "ஒரே இருட்டு" என்றோம். "விளக்கைப் போட்டுக்கொண்டு படிப்பதுதானே?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இருட்டு என்று எழுதினால் ஏன் இருட்டாவதில்லை? இந்தக் கேள்வி அன்றிரவு முழுவதும் நம்மை விடவில்லை. கதையில் வர்ணனை என்பது கல்யாண வீட்டு வாழைமரம் போல, வாசலில் கட்டிவைக்கும் அலங்காரம் என்றே பெரும்பாலோர் எண்ணியிருக்கிறார்கள். கதை உள்ளே நடக்கும். வர்ணனை வாசலில் நிற்கும். அவசரக்காரர்கள் அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம். நாம் அறிந்த மட்டில் நல்ல கதைகளில் இப்படித் தாண்டிப் போக முடிவதில்லை. தாண்டினால் கதையே தவறிவிடுகிறது.

இதை நம் முன்னோர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் 'முதற்பொருள்' என்று பெயரிட்டு முன்னால் வைத்தார். காதலன் வரவை எதிர்நோக்கிக் காத்திருப்பவளின் மனநிலையைச் சொல்ல வேண்டுமானால், காடும், மாலைப் பொழுதும், கார்காலமும் வேண்டும், அது முல்லை. பிரிவின் துயரத்தைச் சொல்ல வெந்து வறண்ட நிலமும், நண்பகலும், வேனிலும் வேண்டும், அது பாலை. காத்திருத்தல் ஒரு காலத்தையும் ஓர் இடத்தையும் பற்றிக்கொண்டே மனத்தில் இறங்குகிறது என்பதுதான் இதன் தாத்பரியம். இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம், "ஸார், வேலூர் எந்தத் திணை?" என்று யாராவது ஒரு பையன் கேட்பான். சித்திரை மாதத்து நடுப்பகலில், நாள் முழுதும் காய்ந்த பாறை மலைகள் சுற்றி நின்று அனலை வீசும் வகுப்பில், இதற்கு விடை கூறத் தேவையில்லை.

வேலூரைப் பற்றி இவ்வூரார் நெடுநாளாகச் சொல்லிவரும் வசனம் ஒன்று உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோவில். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோவிலில் 1981-ஆம் ஆண்டில் சுவாமியை மீண்டும் எழுந்தருளச் செய்தபடியால் கடைசி வாக்கியம் காலாவதியாகிவிட்டது. மற்ற மூன்றும் செல்லும். ஊரை வர்ணிக்க இதைவிடச் சிறந்த வாக்கியங்களை நாம் கண்டதில்லை. ஏனென்றால், இருப்பதைச் சொல்லாமல் இல்லாததைச் சொல்லுகிறது. ஆறு என்றதும் நீரை எதிர்பார்க்கிறோம், இல்லை என்கிறது. கோட்டை என்றதும் அரசனைத் தேடுகிறோம், காணோம். 'எங்கே போயிற்று? என்ன நடந்தது?' என்று மனம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. கதையில் ஆவலை எழுப்புவதற்கு உரிய ரகசியங்களில் ஒன்று நம் ஊர்ப் பாட்டிமார் வாயில் இவ்வளவு எளிதாக இருக்கிறது. நம் மாணவர்களோ நரியைத் தேடிக்கொண்டு போகிறார்கள்.

நிற்க. சிலப்பதிகாரத்துக்கு வருவோம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மீது கொடிகள் காற்றில் அசைகின்றன. 'வராதீர்கள்' என்று கை காட்டி மறிப்பவைபோல அவை அசைந்தன என்கிறார் இளங்கோவடிகள். இராமன் மிதிலைக்கு வருகிறான். அங்கேயும் மதில், அங்கேயும் கொடி, அங்கேயும் காற்று. ஆனால் கம்பருடைய கொடிகள் 'விரைந்து வா' என்று அழைக்கின்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்தாத தமிழாசிரியர் இருக்க மாட்டார். 'தற்குறிப்பேற்ற அணி' என்று பெயர் எழுதிவைத்து, இரண்டு மதிப்பெண்ணுக்குரிய வினாவாக்கி, அதோடு விட்டுவிடுகிறோம். உண்மையில் அங்கே நடப்பது என்ன? கொடி அசைந்தது என்ற ஒரே செய்தியிலிருந்து ஒருவர் அச்சத்தையும் மற்றொருவர் ஆனந்தத்தையும் உண்டாக்கியிருக்கிறார்கள். இளங்கோவடிகள் இருட்டையும் இடியையும் வரவழைக்கவில்லை. துணியும் காற்றும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

ஆயினும், நம்மை அதிகம் நடுங்கச் செய்வது கொடியன்று; பால் குடம். ஆய்ச்சியர் குரவையின் தொடக்கத்தில், ஆயர்சேரியில் மாதரி என்னும் மூதாட்டி விடியலில் எழுந்து பார்க்கிறாள். பிரையிட்ட பால் உறையவில்லை. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்களிலிருந்து நீர் வழிகிறது. ஆட்டுக்குட்டிகள் துள்ளவில்லை. பசுவின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. இவ்வளவுதான். இரத்தம் இல்லை, கூக்குரல் இல்லை. ஆனால் தினந்தோறும் பாலுக்கு உறை ஊற்றிப் பழகிய எந்த வீட்டுப் பெண்ணிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். அவள் முகம் மாறுவதைக் காண்பீர்கள். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு சிறு காரியம் இன்று நடக்காமற் போயிற்று என்றால், அதற்கு மேல் ஆந்தை எதற்கு? இதற்கு முந்திய காதையிலேயே கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான் என்பது நமக்குத் தெரியும். மாதரிக்கும் கண்ணகிக்கும் தெரியாது. அவர்கள் உறையாத பாலைப் பார்த்துக்கொண்டு நிற்க, நாம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இது ஒரு வகை. நமக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. இன்னொரு வகையும் உண்டு. அதில் பாத்திரத்துக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதற்குத் தமிழில் கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா?' என்ற கதையை விஞ்சி ஒன்றும் இல்லையென்பது நமது அபிப்பிராயம். 1902-ல் பிறந்து 1944-ல், நாற்பத்திரண்டாம் வயதிலேயே மறைந்துபோன அந்தக் கும்பகோணத்து ஆசிரியர், நம்மைவிட இளையவராக இருந்தபோது அக்கதையை எழுதியிருக்கிறார் என்று நினைத்தால், நமது பேனாவைக் கீழே வைத்துவிடத் தோன்றுகிறது.

கதை ஒரு தந்தியில் ஆரம்பமாகிறது. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. கணவரின் பெயரும், அவர் நிலைமை அபாயம் என்பதைக் கூறும் ஒரு சொல்லும், அவ்வளவே. மனைவியும் அவளுடைய தம்பியும் இரவு ரயிலில் ஏறிச் சென்னைக்குப் புறப்படுகிறார்கள். தம்பிதான் கதையைச் சொல்லுகிறான். ரயில் போகிறது; ஸ்டேஷன்கள் வருகின்றன, போகின்றன; வண்டியில் மற்றப் பிரயாணிகள் இருக்கிறார்கள்; பேச்சு நடக்கிறது, நின்றுபோகிறது. வெளியே இருட்டு. ஆனால் இந்த இருட்டு நம் மாணவர்கள் எழுதும் இருட்டன்று. ரயில் ஜன்னலுக்கு வெளியே எல்லா ராத்திரியும் இருக்கும் சாதாரண இருட்டு. பெட்டியும், பலகையும், தூங்குகிறவர்களும் எல்லா ராத்திரியும் இருப்பதுபோலவே இருக்கிறார்கள். அந்தப் பெண் ஒருத்திக்கு மாத்திரம் அவ்விரவு வேறாக இருக்கிறது. ரயில் தன் வேகத்தில்தான் போகும். அதைத் துரிதப்படுத்த அவளாலும் முடியாது, நம்மாலும் முடியாது. கதையைப் படிப்பவன் பக்கத்தைத் தள்ளிவிட்டு முடிவைப் பார்க்கலாமே என்றால், பார்ப்பதற்கும் பயமாக இருக்கிறது. முடிவை இங்கே நாம் சொல்லப் போவதில்லை. படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களிடமிருந்து அந்த ரயில் பிரயாணத்தைப் பறிக்க நமக்கு மனமில்லை.

இந்தக் கதையை வகுப்பில் நடத்தும்போது ஒரு சங்கடம் நேர்ந்தது. 2013 ஜூலை மாதத்தோடு நம் நாட்டில் தந்தி நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போதுள்ள பிள்ளைகளில் ஒருவரும் தந்திச் சேவகனைக் கண்டதில்லை. சைக்கிள் வாசலில் நின்றால் வீட்டார் வயிற்றில் ஏன் நெருப்புப் பற்றும் என்பதை விளக்கவேண்டியதாயிற்று. விளக்கி முடித்தபின், "இப்போது எது அப்படி?" என்று கேட்டோம். "ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடிக்கிறது, ஸார்" என்றான் ஒருவன். மற்றொருவன், "அடிச்சுட்டு, எடுக்கிறதுக்குள்ள நின்னுடறது" என்றான். இரண்டாமவனுக்கு நாம் அதிக மதிப்பெண் கொடுத்தோம்.

புதுமைப்பித்தனின் 'காஞ்சன'யைப் பற்றி எழுதாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. 1943-ல் 'கலைமகளி'ல் வெளியான கதை. அதிலும் நள்ளிரவுதான், ஆனால் அவர் கண்ணை நம்பவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டார். தூக்கம் வராமல் படுத்திருக்கும் எழுத்தாளர் ஒருவரின் நாசியில் முதலில் ஒரு துர்நாற்றம் ஏறுகிறது, அப்புறம் நறுமணம். இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. பக்கத்தில் மனைவி தூங்குகிறாள். மறுநாள் ஒரு பிச்சைக்காரி வருகிறாள். மனைவி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். காட்சியைக் கண்ணால் பார்த்தால், 'பார்த்தது பிசகு' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நாற்றம் அப்படியன்று. மூச்சு விடாமல் இருக்க முடியாதாகையால், மூக்கில் ஏறியதை மறுப்பதற்கு வழியில்லை. நம் எழுத்தாளர்களில் மூக்கை இவ்வளவு சாமர்த்தியமாகப் பயன்படுத்தியவர்கள் வெகு சிலரே.

மூக்கைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டபடியால் நம் பிராந்தியத்தின் விஷயத்துக்கு வந்தாக வேண்டும். வேலூரிலிருந்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரையிலும், கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரையிலும் பாலாற்றங்கரை முழுவதும் தோல் பதனிடும் ஊர்கள். ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் ஆம்பூர் வந்துவிட்டதென்று சொல்லிவிடலாம். பிரியாணி வாசனையால் என்று சிலர் சொல்லுவார்கள். அது உபசாரத்துக்காகச் சொல்லுவது. உப்பிட்ட பச்சைத் தோலும், சுண்ணாம்புத் தொட்டியும், முன்னாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும், பின்னாளில் வந்த குரோம் உப்பும் கலந்த ஒரு வாடை அது. பாலாறு கெட்டதைப் பற்றிய வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. ஆற்றைப் பற்றிய எண்களும் இரசாயனப் பெயர்களும் வழக்குக் காகிதங்களில் ஏராளமாக உண்டு. ஆனால் அந்த ஊரில் பிறந்த ஒரு குழந்தை பள்ளிக்கூடத்துக்கு வரும்போது தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டு வரும் என்பது எந்தக் காகிதத்திலும் இராது. அதைச் சொல்லக் கதைதான் வேண்டும்.

திண்டுக்கல் தோல் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலை எழுதினார். 2012-ல் அதற்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. நம் பக்கத்திலே பேரணாம்பட்டிலிருந்து அழகிய பெரியவன் எழுதிவருகிறார். நம் மாணவர்கள் மாத்திரம், இந்த மண்ணில் கதையே இல்லையென்று எண்ணிக்கொண்டு, பனி பெய்யும் மலைச்சிகரங்களில் பாழடைந்த பங்களா கட்டுகிறார்கள்.

அப்படிப் பங்களா கட்டாத ஒரு பையன், பாகாயத்தையே கதைக்களமாக வைத்து எழுதியிருந்தான். ஆனால் அவன் எடுத்துக்கொண்டது மனநல ஆஸ்பத்திரியை. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றால் எப்படிச் சிரிப்பார்களோ, அப்படியே வேலூரில் பாகாயம் என்றால் சிரிப்பார்கள். ஒரு ஊர்ப் பெயரையே ஏளனமாக ஆக்கிவிட்டோம். அவன் கதையில் நள்ளிரவு, இரும்புக் கம்பி, சங்கிலி, கோரச் சிரிப்பு எல்லாம் இருந்தன. அவனைக் கூப்பிட்டு, "நீ உள்ளே போயிருக்கிறாயா, தம்பி?" என்று கேட்டோம். "இல்லை ஸார், சினிமாவில் பார்த்தேன்" என்றான். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1957-ல் இங்கே அந்த நிலையத்தைத் தொடங்கிய காலம் முதற்கொண்டு, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கச் செய்து சிகிச்சையளிக்கும் முறைக்கு அது பெயர் பெற்றது. மரங்கள் அடர்ந்த இடம். மகனை அழைத்துக்கொண்டு எங்கோ தூர தேசத்திலிருந்து வந்த தாய் ஒருத்தி, டிபன் தூக்கைக் கையில் பிடித்தவண்ணம் வாசலருகே பஸ்ஸிலிருந்து இறங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அந்தத் தாய் உள்ளே போகிறாள். இன்று மகன் தன்னை அடையாளம் கண்டுகொள்வானோ, மாட்டானோ? சங்கிலியில் இல்லாத திகில் அந்தத் தூக்கில் இருக்கிறது. பையனிடம் இதைச் சொன்னோம். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ பேய் வேண்டாமா ஸார்?" என்று வருத்தத்துடன் கேட்டான். பொய்யான வர்ணனை கதையைக் கெடுப்பதோடு நின்றுவிட்டால் பாதகமில்லை. அந்தத் தாய் பஸ்ஸில் பாகாயம் என்று சொல்லி டிக்கெட் வாங்கக் கூச்சப்படுகிறாளே, அந்தக் கூச்சத்தில் இத்தகைய கதைகளுக்கும் பங்கு உண்டு.

ருஷிய எழுத்தாளர் செகாவ் 1886-ல் தம் தமையனாருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் நிலவொளியை வர்ணிப்பதற்கு வழி சொல்லியிருக்கிறார். நிலவைப் பற்றி எழுதாதே; அணைக்கட்டின்மீது உடைந்து கிடக்கும் புட்டியின் கழுத்து மின்னுவதை எழுது என்பது அதன் சாரம். இதையும் வகுப்பில் சொன்னோம். மறுநாள் பத்துப் பேர் உடைந்த புட்டியை எழுதிக்கொண்டு வந்தார்கள். உபாத்தியாயர் தொழிலில் இப்படிப்பட்ட பலன்களும் உண்டு.

கடைசியாக, மின்சாரம் நின்றுபோன ஒரு பிற்பகலில், டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸ் என்ற ஆங்கிலேயர் 1902-ல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' என்ற கதையைத் தமிழில் சொன்னோம். இந்தியாவிலிருந்து ஒரு சிப்பாய் கொண்டுபோன மந்திரப் பொருள், மூன்று வரம் கொடுக்கும். கிழவர் முதல் வரமாக இருநூறு பவுன் கேட்கிறார். மறுநாள் அவருடைய மகன் ஆலைக்கு வேலைக்குப் போயிருக்கிறான். தெருவில் ஓர் அந்நியன் வருகிறான். நல்ல உடுப்பு; பளபளக்கும் புதுத் தொப்பி. வீட்டு வாசற்படலண்டை வருகிறான், நிற்கிறான், போய்விடுகிறான். இப்படி மூன்று முறை. நான்காம் முறைதான் படலின்மேல் கையை வைக்கிறான். புதுத் தொப்பியைப் பார்த்த தாய், இருநூறு பவுன் வருகிறது என்று நினைக்கிறாள். பணம் வரத்தான் வருகிறது. மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்ததற்குக் கம்பெனி கொடுக்கும் நஷ்டஈடாக.

இந்த இடத்தில் வகுப்பு நிசப்தமாயிற்று. கதையின் பிற்பகுதியில், இரவில் கதவு தட்டப்படும்போதுதான் பிள்ளைகள் பயப்படுவார்களென்று நாம் எண்ணியிருந்தோம். அங்கே அவ்வளவாகப் பயப்படவில்லை, சிலர் சிரித்தார்கள்கூட. வாசலில் தயங்கி நின்ற அந்த மனிதனிடத்தில்தான் மூச்சடங்கிப் போனார்கள். மூன்றாம் வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, "ஸார், கம்பெனி ஆளுங்க அப்படித்தான் வருவாங்க. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திடுவாங்க. உடனே வர மாட்டாங்க" என்றாள். அவள் தகப்பனார் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் வேலை செய்பவர். 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். இந்தப் பெண் அப்போது கைக்குழந்தை. ஆனால் அந்தத் தெருக்களில் இப்படிப்பட்ட செய்திகளுக்கு வயது ஆவதில்லை.

போட்டிக்கு அவள் கதை கொடுத்திருக்கவில்லை. "நீ இப்போது சொன்னதை எழுதிக்கொண்டு வா, அம்மா" என்றோம். "அதுல கதை இல்லையே, ஸார்" என்றாள். ஒரு வாரம் கழித்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். மாலை ஏழு மணி. தகப்பனார் வரும் பஸ் போய்விட்டது, அவர் இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸும் போயிற்று. வாசலில் அவருக்காகப் பக்கெட்டில் தண்ணீரும், பக்கத்தில் பாதி தேய்ந்த சோப்பும் வைத்திருக்கிறது. குளித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் வருவார். தண்ணீரில் தெரு விளக்குத் தெரிகிறது. தெருமுனையில் யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, விளக்கை அணைக்காமல், போனில் பேசிக்கொண்டு நிற்கிறார். அம்மா அடுப்பைக் குறைக்கிறாள். தினமும் நடை ஏறுவதற்கு முன்பே வந்துவிடும் அந்த வாடை இன்று வரவில்லை. எந்த வாடைக்காக அந்தப் பெண் தன் சிநேகிதிகளை வீட்டுக்கு அழைக்காமல் இருந்தாளோ, அதே வாடை எப்போது வருமென்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள்.

நாம் அந்தப் பக்கத்தை இருமுறை படித்தோம். அவள் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையை அதுவரை படித்தவளல்லள். மேல்வகுப்புப் பாடம் அது. உறையாத பாலும், வராத வாடையும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

மலர்க் குழுவில் சிறிது விவாதம் நடந்தது. பெற்றோர்கள் படிக்கும் மலரில் நாற்றத்தைப் பற்றி எழுதலாமா, அந்தப் பெண்ணின் மனத்துக்கே பின்னால் கஷ்டமாயிராதா என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது, கேட்டவர் இரக்கத்துடன்தான் கேட்டார். வாடை என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தகப்பனாரின் காலடி ஓசை' என்று போட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. காலடி ஓசை எல்லா வீட்டுத் தகப்பனாருக்கும் உண்டு என்றோம் நாம். முடிவை அந்தப் பெண்ணிடமே விட்டுவிடுவதென்று தீர்மானமாயிற்று. அவள் வாடையை எடுக்கச் சம்மதிக்கவில்லை. தெருவின் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். நாம் ஒரே ஒரு வாக்கியத்தை அடிக்கும்படி கூறினோம். கதையின் நடுவில், 'எனக்கு மிகவும் பயமாக இருந்தது' என்று இருந்தது.

"எனக்குப் பயமாத்தானே ஸார் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பக்கெட் தண்ணீரை எழுதிவிட்டாயே, அதிலேயே தெரிந்துவிட்டது" என்றோம். அரைமனதாக அடித்தாள்.

மலர் வெளியாகிச் சில நாட்களுக்குப் பின், ஞாயிற்றுக்கிழமை காலையில், அவளுடைய தகப்பனார் நம்மைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். சலவைச் சட்டை அணிந்து, நன்றாகத் தலை வாரியிருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மகள் முழுவதையும் படித்துக் காட்டினாளாம். கையில் மலரைச் சுருட்டிப் பிடித்திருந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நமக்கு ஒரு கணம் உள்ளூர இருக்கத்தான் இருந்தது. நடைப் பக்கமும் நம் முகத்தையும் இரண்டு மூன்று தடவை மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா எழுதியிருக்குது, ஸார்" என்றார். "ஒண்ணு மட்டும். தொட்டித் தண்ணி வெள்ளையா இருக்கும்னு போட்டுருக்குது. மொத நாள்தான் ஸார் வெள்ளை. மயிர் கழண்டப்புறம் சாம்பலாப் பூடும். அதுக்கு நான் ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்னு சொல்லியிருக்கேன்."